ஆர்லிஸ் மூடிய என்ஜின்

ஆர்லிஸ் குச்செரா இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். அதற்குப் பிரேக் மாற்றுவது, பெல்ட் மாற்றுவது, ஆயில் வடிப்பது எல்லாம் அவளே. நெப்ராஸ்காவில் ஜனவரி மாதம் காலை ஐந்தரை மணிக்கு டீசல் வண்டியைக் கிளப்பிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், பஸ் ஓட்டுவது பெரிய வேலையே இல்லை, அதைக் கிளப்புவதுதான் வேலை என்று. எட்டு மாடுகளும் ஐந்து பிள்ளைகளும் இருந்த பால் பண்ணையில் பிறந்தவள். அழுகிற பிள்ளைக்கு அங்கே தனியாக நேரம் ஒதுக்கியதில்லை. அதனால் வாயை மூடிக்கொண்டு காரியத்தைப் பார்ப்பது அவளுக்குச் சின்ன வயதிலேயே படிந்துவிட்டது.

கணவன் மைலோ, கிணற்றுப் பாசன என்ஜின்களைப் பழுது பார்க்கிறவன். லூப் ஆற்றின் இரண்டு கரையிலும் அவன் கை படாத பம்ப் கிடையாது. அளந்து பேசத் தெரியாத ஆள். ஆனால் அளக்காமல் ஒரு திருகைத் தொடமாட்டான். "கண்ணு பொய் சொல்லும், கேஜ் பொய் சொல்லாது" என்பான்.

மகள் ஜோலீன் படிக்க லிங்கன் நகருக்குப் போன வருஷம், இரண்டு பேரும் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் விமானம் கட்ட ஆரம்பித்தார்கள். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் அலுமினிய விமானம். தபாலில் வந்த வரைபடம் ஒரு கட்டு. தகடுகளை இணைக்கப் பதின்மூன்றாயிரத்துச் சொச்சம் ரிவெட் ஆணி. வெளியே நின்று மைலோ துப்பாக்கி மாதிரி ஒன்றை வைத்து அடிப்பான். உள்ளே கையை விட்டு, இரும்புக் கட்டையை முட்டுக் கொடுத்துப் பிடித்துக்கொள்வது ஆர்லிஸ். இறக்கையின் இடுக்கில் அவள் கை மட்டும்தான் நுழையும். பதினோரு வருஷம் இப்படியே போயிற்று. சண்டை போட்ட நாட்களிலும் அந்தத் தகட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றார்கள்.

என்ஜின் விஷயத்தில்தான் ஊரே சிரித்தது. விபத்தில் நசுங்கிய ஒரு ஜப்பான் காரிலிருந்து மைலோ ரோட்டரி என்ஜினை எடுத்துவந்தான். ஊரின் சின்ன விமானத் தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்த லோரன் வீஸ் நேரே கொட்டகைக்கே வந்துவிட்டான். முப்பது வருஷம் வயலுக்கு மேலே தாழப் பறந்து மருந்தடித்தவன். ஒரு காது போய்விட்டது. அதனால் எதையும் கத்தித்தான் சொல்வான்.

"டேய் மைலோ, வானத்துல போறதுக்குன்னே விமான என்ஜின்னு ஒண்ணு விக்கிறாங்கடா. கேள்விப்பட்டதில்ல?"

"கேள்விப்பட்டிருக்கேன். அதுல எத்தனை சாமான் மேலயும் கீழயும் குதிக்குதுன்னு எண்ணியிருக்கியா? இதுல ரெண்டே ரெண்டு முக்கோணம். சுத்துது. அவ்வளவுதான்."

"மாவு பிசையற மிஷினும்தான் சுத்துது. அதையும் மாட்டிப் பாரேன்."

"மாட்டியிருப்பேன். ஆர்லிஸ் தரமாட்டேங்கறா."

முட்டை வடிவக் கூட்டுக்குள் சுற்றும் ரோட்டர் என்ற அந்த முக்கோணத்துக்கு மூன்று முனை. ஒவ்வொரு முனையிலும் ஓரத்திலும் கசிவை அடைக்கும் சன்னமான இரும்பு சீல்கள், அவற்றுக்கு அடியில் தலைமுடி போன்ற ஸ்பிரிங்குகள். கூட்டைச் சுற்றி, குளிர்விக்கும் தண்ணீர் உள்ளே கசியாதபடி காப்பதற்கு ரப்பர் வளையங்கள். இவ்வளவையும் அடுக்கி, பதினெட்டு நீளமான போல்ட்டுகளால் இறுக்கி மூடிவிட்டால் ஆயிற்று. மூடிய பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று யாராலும் பார்க்க முடியாது. ஆர்லிஸின் பன்னிரண்டு குழி கேக் தட்டை மைலோ பறித்துக்கொண்டு, ஒவ்வொரு குழிக்கும் எண் எழுதி, எந்தச் சீல் எந்தப் பள்ளத்துக்கு என்று பிரித்து வைத்தான். கணக்கு நோட்டு மாதிரி ஒரு நோட்டில் தேதி போட்டு, செய்த வேலை ஒவ்வொன்றையும் எழுதினான்.

அந்த என்ஜின் முந்நூற்று நாற்பது மணி நேரம் ஒரு முனகல் இல்லாமல் ஓடியது. லிங்கனுக்குப் போய் மகளைப் பார்த்தார்கள். தெற்கு டகோட்டாவில் ஏதோ ஓர் ஊரில் செர்ரி பை நன்றாக இருக்கிறது என்று கேள்விப்பட்டு, அதற்காகவே ஒரு தடவை போனார்கள். மைலோவின் வற்புறுத்தலால் ஆர்லிஸும் பறக்க உரிமம் வாங்கினாள். ஆனால் ஓட்டியது பெரும்பாலும் அவன்தான்.

பிறகு ஒரு கோடையில் ஆர்லிஸின் அக்கா விளாஸ்டா கிராண்ட் ஐலண்ட் ஊரில் புற்றுநோயோடு படுத்துவிட்டாள். ஆர்லிஸ் ஏழு வாரம் அங்கேயே இருந்து, அக்காவைக் கழுவித் துடைத்து, கடைசியில் புதைத்துவிட்டுத்தான் திரும்பினாள். அந்த ஏழு வாரத்தில் மைலோ என்ஜினை முழுசாகக் கழற்றி, சீல் எல்லாம் புதிதாகப் போட்டு மூடியிருந்தான்.

"நீ வர்றதுக்குள்ள முடிச்சிரணும்னு பாத்தேன். முடிச்சிட்டேன்" என்று போனில் சொன்னான்.

அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. துக்கத்துக்கு நடுவில் ஒரு நல்ல செய்தி.

அக்டோபர் மாதம் ஒரு வியாழக்கிழமை. மூடிய பிறகு ஒன்பது மணி நேரம் ஓடியிருந்தது என்ஜின். ஆற்றுக்கு வடக்கே, சோயா அறுத்து மொட்டையாகக் கிடந்த வயல்களுக்கு மேலே பறந்துகொண்டிருந்தார்கள். முதலில் இனிப்பாக ஒரு வாடை. ரேடியேட்டர் தண்ணீரின் வாடை அது, பஸ்ஸில் எத்தனையோ தடவை முகர்ந்திருக்கிறாள். வெப்பமானியின் முள் ஏறியது. பின்னால் திரும்பிப் பார்த்தால் வெள்ளைப் புகை.

"மைலோ, தண்ணி உள்ள போகுது."

"தெரியுது."

என்ஜின் இருமியது. முதலில் ஒரு ரோட்டர் போனது. இன்னொன்று ஒரு நிமிஷம் இழுத்துப் பார்த்துவிட்டு அதுவும் அடங்கிற்று. காற்றின் சத்தம் மட்டும் மிச்சம். மைலோவின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. மின்கம்பியைத் தாண்டினான், காற்றை எதிர்த்துத் திருப்பினான், மூக்கைத் தூக்கி வயலில் உட்கார வைத்தான். அதைவிட நன்றாக எவனாலும் இறக்கியிருக்க முடியாது. ஆனால் வயலின் நடுவே பாசன எந்திரத்தின் சக்கரத் தடம் ஒன்று ஆழமாகக் கிடந்தது. முன்சக்கரம் அதில் விழுந்து முறிந்தது. ஆர்லிஸின் இடது மணிக்கட்டு முன்பலகையில் மோதி உடைந்தது.

இறக்கை மேல் கையை ஊன்றி இறங்கி நின்றார்கள். தூரத்தில் அறுவடை எந்திரத்தை நிறுத்திவிட்டு ஒரு விவசாயி ஓடிவந்துகொண்டிருந்தார். மைலோ விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். பிறகு அவளிடம் கேட்டான்.

"யாரு ஓட்டிட்டு வந்தது?"

அதிர்ச்சி என்று அவள் நினைத்துக்கொண்டாள். அப்படித்தான் நினைக்கத் தோன்றியது.

சனிக்கிழமை தோறும் லோரனின் விமானக் கொட்டகையில் காலைச் சாப்பாடு நடக்கும். பறக்கிறவர்கள், பறந்து ஓய்ந்தவர்கள், சும்மா பான்கேக் தின்ன வருகிறவர்கள் என்று பதினைந்து பேர் கூடுவார்கள். அந்த வாரம் எல்லோரும் மைலோவைச் சூழ்ந்துகொண்டார்கள். வயலில் இறக்கிய கதையைச் சொல்லச் சொன்னார்கள். அவன் கையால் காட்டிக் காட்டிச் சொன்னான். கடைசியில் யாரோ ஒருவர் கேட்டார்: "ஏன்ப்பா நின்னுது? நீ போட்ட என்ஜின் நிக்காதே?"

மைலோ பாகு ஊற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னான்.

"இந்தத் தடவை நான் போடலியே. கடைசியா மூடினது ஆர்லிஸ்தான். ரப்பர் வளையம் ஒண்ணு ஒழுங்கா உக்காரலைன்னு நெனைக்கறேன்."

எல்லோரும் ஆர்லிஸைப் பார்த்தார்கள். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் மைலோவைப் பார்த்தாள். பொய் சொல்லும்போது மைலோவின் காது சிவக்கும். நாற்பது வருஷத்தில் அது ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. இப்போது சிவக்கவில்லை. அவன் சொன்னதை அவன் நம்பினான்.

"அக்கா செத்த துக்கத்துல இருந்தா. அவளைக் குத்தம் சொல்லாதீங்க" என்று அவளுக்காகப் பரிந்தும் பேசினான்.

அவள் வாயைத் திறக்கவில்லை. காபிக் கோப்பையை நல்ல கையால் மேஜை மேல் வைத்தாள்.

முறிந்த விமானத்தைச் சரக்கு வண்டியில் ஏற்றிக் கொட்டகைக்குக் கொண்டுவந்த பிறகு, என்ஜினை இறக்க லோரன் உதவிக்கு வந்தான். ஒரு கையோடு அவளால் முடியாது. மைலோ அன்று ஜோலீனோடு கண் டாக்டரிடம் போயிருந்தான். பதினெட்டு போல்ட்டையும் கழற்றினார்கள். நான்கு போல்ட் விரலால் திருகும் அளவுக்குத் தளர்ந்து இருந்தன. மேல் கூட்டைத் தூக்கினார்கள். தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையம் பள்ளத்தில் பாதி, வெளியே பாதியாக மடங்கி நசுங்கியிருந்தது. பின் ரோட்டரில் இரண்டு முனைகளுக்கு ஸ்பிரிங்கே கிடையாது. ஒரு பள்ளத்தில் சீலுக்குப் பதிலாக வெறும் பசை அப்பியிருந்தது.

லோரன் தலையைச் சொறிந்தான். "உன் மேல கோவமா பேசறேன்னு நெனைக்காத ஆர்லிஸ். ஆனா இது… இதை ஒரு குருடன்கூட செய்யமாட்டான்."

அவள் அலமாரியிலிருந்து மைலோவின் நோட்டை எடுத்தாள். லோரனைக் கழற்றிய என்ஜின் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, பக்கத்தைப் புரட்டினாள்.

செப்டம்பர் ஒன்பது: "முன் ரோட்டர் சீல்கள் போட்டாயிற்று. இடைவெளி சரி." செப்டம்பர் பதினொன்று: "முன் ரோட்டர் சீல்கள் போட்டாயிற்று. இடைவெளி சரி." செப்டம்பர் பன்னிரண்டு, அதே வரி, அதே கையெழுத்து. பின் ரோட்டரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடைசிப் பக்கத்தில் போல்ட் இறுக்கிய கணக்கு. ஒவ்வொரு போல்ட்டுக்கும் எண் எழுதி, எதிரே ஒரு கோடு. ஒன்று, இரண்டு, மூன்று. இருப்பது பதினெட்டு போல்ட். கோடுகள் இருபத்து மூன்று வரை போயிருந்தன.

லோரன் அந்தக் கோடுகளை விரலால் எண்ணிப் பார்த்தான். அவன் குரல் முதல் தடவையாகத் தாழ்ந்து வந்தது.

"நீ அப்ப ஊர்லயே இல்ல."

"இல்ல."

"பின்ன ஏன் சனிக்கிழமை வாயை மூடிட்டு உக்காந்திருந்தே?"

"என்ன சொல்லச் சொல்றே? எல்லார் முன்னாடியும், இவனுக்கு மூளை கழண்டுபோச்சுன்னா?"

"இந்த ஊர் பூரா உன்னைத்தான் பேசுது, ஆர்லிஸ். புருஷனைக் கொல்லப் பாத்தாளாம்னு சிரிக்கறானுங்க."

"பேசட்டும். எனக்கு என்ன கொறைஞ்சிரும்? நான் பஸ்காரி. அவனுக்கு இருக்கறது அந்தப் பேரு ஒண்ணுதான். நீ யார்கிட்டயும் சொல்லக்கூடாது."

"அவன் மறுபடி ஏறி ஓட்டினா?"

"ஓட்டமாட்டான். அது என் பொறுப்பு."

லோரன் சத்தியம் செய்துகொடுத்தான். கையைத் துடைத்துக்கொண்டே, முகத்தைத் திருப்பிக்கொண்டே செய்தான்.

ஆர்லிஸ் மைலோவை அழைத்துப்போன மூளை டாக்டர் இளம் பெண். மைலோவிடம் ஒரு தாளைக் கொடுத்து, கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொன்னாள். "என் வாட்சைப் பாருங்க, அதுல சரியா காட்டும்" என்று மைலோ சிரித்தான். பிறகு வரைந்தான். பன்னிரண்டு எண்களும் வட்டத்தின் ஒரே பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. பென்சிலை மேஜையில் வைத்துவிட்டு, சரியாகத்தானே இருக்கிறது என்பதுபோல் ஆர்லிஸைப் பார்த்தான். அவள் தலையாட்டினாள். வேறு என்ன செய்ய?

நாற்பது மைல் திரும்பி வந்து, வீட்டு வாசலில் கார் நின்றதும் மைலோ சொன்னான்.

"நீதான் போய்ச் சொல்லியிருக்கே. உன் தப்பை மறைக்க என்னைப் பைத்தியக்காரன் ஆக்கறே."

"சரி, உள்ள வா. சூப் சூடு பண்றேன்."

"உன் சூப் யாருக்கு வேணும்?"

ஆனால் சாப்பிட்டான். அரை மணியில் எல்லாம் மறந்து, இன்னும் ஒரு கரண்டி கேட்டான்.

அந்தக் குளிர்காலம் அவள் என்ஜினைத் திரும்பக் கட்ட ஆரம்பித்தாள். ஜோலீன் போனில் திட்டினாள். "அம்மா, அப்பாவுக்கு இந்த நெலமை. உனக்கு இப்ப என்ஜின்தான் முக்கியமா?" மகளுக்கு அதை விளக்க ஆர்லிஸுக்குத் தெரியவில்லை. வீட்டுக்குள் இருந்தால் மைலோ கதவுக்குக் கதவு நடப்பான், அடுப்பைத் திறந்துவிடுவான், சாவியைத் தேடுவான். கொட்டகையில் ஹீட்டர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார வைத்து, ஒரு வாளி போல்ட்டைக் கொடுத்து அளவு வாரியாகப் பிரிக்கச் சொன்னால் மூன்று மணி நேரம் அமைதியாக இருப்பான். அவன் பிரித்து முடித்ததும் அவள் திரும்ப ஒன்றாகக் கொட்டிவிடுவாள். அப்படிக் கொட்டும்போது அவன் முகத்தைப் பார்க்கமாட்டாள்.

கூடுகளின் உள்பூச்சு வெந்து உரிந்திருந்தது. கொலராடோவில் ஒரு பழைய கார்ச் சந்தையிலிருந்து வேறு கூடுகளைத் தேடி வரவழைத்தாள். என்ஜின் பழுது புத்தகத்தைப் பக்கத்தில் திறந்துவைத்துக்கொண்டு, சீல் ஒன்றுக்கு ஒரு நாள் என்று செய்தாள். மைலோவுக்கு வார்த்தைகள் போய்க்கொண்டிருந்தன. விரல்கள் மட்டும் போகவில்லை. ஒரு நாள் அவள் தேய்த்து வைத்த சீலைப் பள்ளத்தில் வைத்துக் கட்டைவிரலால் தள்ளிப் பார்த்துவிட்டு, "இறுக்கம்" என்றான். அவள் கேஜை எடுத்து அளந்தாள். இறுக்கம்தான், ஒரு தலைமுடி அளவு. அன்று அவள் கொட்டகைக்குப் பின்னால் போய், பனியில் நின்று அழுதுவிட்டு வந்தாள்.

பொருட்கள் காணாமல் போயின. ஒரு ஸ்பிரிங்கைச் சர்க்கரை டப்பாவில் கண்டெடுத்தாள். முனை சீல் ஒன்றை அவன் மேல்சட்டைப் பையில், வாயில் மென்ற சிகரெட் அட்டையோடு. எல்லாவற்றையும் பூட்டி வைக்க வேண்டியதாயிற்று. பூட்டைப் பார்த்தால் அவனுக்குக் கோபம் வரும்.

"என் கொட்டகை. எனக்கே பூட்டா? யாரு நீ பூட்டறதுக்கு?"

இரண்டாவது குளிர்காலம். பிப்ரவரி, மதியம் இரண்டு மணி இருக்கும். மைலோ சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிட்டான் என்று நினைத்து, அவள் கொட்டகையில் முன் ரோட்டரைக் கூட்டுக்குள் இறக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் தேவைப்படுகிற வேலை. பின்னால் கதவு திறந்த சத்தம் கேட்டது.

"மைலோ? கதவைச் சாத்து, குளிர் வருது."

திரும்பிப் பார்த்தாள். செருப்பில்லாத காலோடு, நீளமான இரும்பு நெம்புகோலைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் கண்ணில் அவள் இல்லை. யாரோ ஒரு கிழவி இருந்தாள்.

"திருட்டு நாயே. என் என்ஜினை வை கீழ."

"மைலோ, நான்தான். ஆர்லிஸ்."

"ஆர்லிஸை என்ன பண்ணே? ஆர்லிஸ் எங்கே?"

ரோட்டரைப் போட்டுவிட்டுக் கையை உயர்த்தியிருந்தால் தப்பியிருக்கலாம். போட்டால் முனை உடையும் என்று அவள் கை அதைப் பிடித்துக்கொண்டே இருந்தது. அந்த ஒரு கணத்தில் அவன் அடித்தான். பழைய முறிவுக்கு மேலே, அதே இடது கையில். இரண்டாவது அடி தோளில். மூன்றாவது அவள் கீழே விழுந்த பிறகு பலகையில் விழுந்தது.

அவன் நெம்புகோலை எறிந்துவிட்டு வீட்டுக்குள் ஓடினான். ஷெரீப் அலுவலகத்துக்கு அவனே போன் செய்தான். கொட்டகையில் ஒரு திருடி புகுந்துவிட்டாள், என் மனைவியைக் காணவில்லை, சீக்கிரம் வாருங்கள் என்று அழுதான்.

வந்த போலீஸ்காரன் கோல்பி ஹ்ருஸ்கா. ஒன்றாம் வகுப்பிலிருந்து அவள் பஸ்ஸில் போய்வந்தவன். சிமெண்டுத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அவளைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினான்.

"மிஸஸ் குச்செரா… யாரு பண்ணினாங்க இதை?"

"யாரும் பண்ணலை. அவர்கிட்ட மெதுவா பேசு கோல்பி. கைவிலங்கு வேண்டாம். செருப்பு மாட்டிவிடு, கால் ஜில்லுன்னு இருக்கும்."

"மேடம், உங்க கை எலும்பு வெளியில தெரியுது."

"தெரியட்டும். முதல்ல அவருக்குச் செருப்பு."

மைலோ அவளைப் பார்த்து கோல்பியிடம் விரலை நீட்டிக் காட்டினான். "இவதான்" என்றான். ஆம்புலன்ஸில் அவளை ஏற்றும்போதும், இன்னொரு காரின் ஜன்னலிலிருந்து அவளையே முறைத்துக்கொண்டிருந்தான். அந்த வீட்டுக்கு அவன் திரும்பி வரவேயில்லை. ஜோலீன் வந்து கையெழுத்துப் போட்டாள். முப்பது மைல் தள்ளி, பூட்டிய வாசலோடு இருந்த ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள்.

கை சேர நான்கு மாதம் ஆயிற்று. முன்போல் முழுசாகத் திரும்பாது என்றார்கள், திரும்பவும் இல்லை. யாரும் இல்லாத கொட்டகையில் அவள் மிச்ச வேலையைச் செய்தாள். போல்ட் வாளி ஸ்டூல் பக்கத்தில் அப்படியே இருந்தது. அதை நகர்த்தவில்லை, சுற்றிப் போனாள். பதினெட்டு போல்ட்டையும் இறுக்கினாள். எண்ணினாள். மறுநாள் காலையில் வந்து திரும்ப எண்ணினாள். தனக்கும் அந்த வியாதி வந்துவிட்டதோ என்ற பயம் அவளுக்கு அப்போது இருந்தது. வெளியே சொன்னதில்லை.

முறிந்த முன்சக்கரத்தை மாற்றி, விமானத்தை லோரனின் தளத்துக்குக் கொண்டுபோனாள். செப்டம்பரில் லோரன் தீயணைப்பான் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்க, என்ஜின் முதல் தடவை ஓடியது. மூன்று வாரம் தரையிலேயே ஓட்டிப் பார்த்தாள். பிறகு ஒரு காலை, தளத்துக்கு மேலேயே வட்டமடித்து நாற்பது நிமிஷம் பறந்தாள். ஒவ்வொரு நிமிஷமும் அந்த இனிப்பு வாடையை முகர்ந்தபடி இருந்தாள். வரவில்லை. இறங்கியதும் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அன்று மதியமே இல்லத்துக்குப் போனாள். மைலோ ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். யாரோ அவனுக்கு வேறு யாருடைய சட்டையையோ போட்டுவிட்டிருந்தார்கள்.

"மைலோ, இன்னிக்கு ஓட்டினேன். நாப்பது நிமிஷம். சூடு ஏறவே இல்ல."

அவன் அவளை மரியாதையோடு பார்த்தான், அறிமுகமில்லாத பெண்ணைப் பார்க்கிற மாதிரி.

"விமானமா? நீங்களா ஓட்டறீங்க?"

"ஆமா."

"ஜாக்கிரதையா இருங்கம்மா. என் சம்சாரம் ஒரு தடவை என்ஜின் போட்டா. வானத்துலயே நின்னு போச்சு." கொஞ்சம் குனிந்து, ரகசியம் மாதிரி சொன்னான். "நல்லவதான். ஆனா வேலை சுத்தம் கிடையாது."

அவனுக்கு ஜோலீன் பெயர் தெரியாது. தான் கட்டிய விமானம் தெரியாது. பதினோரு வருஷமும் பதின்மூன்றாயிரம் ரிவெட்டும் போய்விட்டன. இது மட்டும் போகவில்லை.

"சரி, பாத்து ஓட்டறேன்" என்றாள் ஆர்லிஸ். கிண்ணத்தை வாங்கி மிச்சக் கஞ்சியை ஊட்டிவிட்டாள்.

ஜனவரியில் நிமோனியா வந்து மைலோ இறந்தான். நிலம் உறைந்து இரும்பாய்க் கிடந்தது. குழி தோண்ட இரண்டு நாள் தீ மூட்டி இளக்க வேண்டியிருந்தது.

அடக்கம் முடிந்த மறு சனிக்கிழமை, அவள் இல்லாத நேரத்தில், லோரன் காலைச் சாப்பாட்டில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். நோட்டு, அந்த மூன்று தேதிகள், இருபத்து மூன்று கோடுகள், நசுங்கிய வளையம். யாரோ ஒருவர் அவளைப் பற்றி வழக்கமான கேலியை எடுத்தாராம். அவனால் பொறுக்க முடியவில்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஊர் அவள் வாசலில் நின்றது. கசகசா வைத்த கொலாச்சி ரொட்டி, இறைச்சித் தட்டு, பூங்கொத்து. பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். "எங்களை மன்னிச்சிரு ஆர்லிஸ், எப்படித் தாங்கினே?" என்றார்கள். "பாவம் மைலோ, அவனா அப்படிப் பண்ணினான்!" என்றார்கள். "அவன் போட்ட பம்ப் ஒண்ணு என் வயல்ல இருக்கு, அதையும் பாக்கச் சொல்லணும் போல" என்று ஒருவன் சொல்லிக்கொண்டே படி இறங்கியது அவள் காதில் விழுந்தது.

கடைசியாக லோரன் வந்தான். அவள் கதவைப் பாதிதான் திறந்தாள்.

"சத்தியம் பண்ணினே."

"உயிரோட இருக்கற வரைக்கும்னுதான் நான் நெனைச்சேன். அவன்தான் போயிட்டானே. உன் பேரு சுத்தமாகணும்ல?"

"என் பேரை யாரு கேட்டா? ரெண்டு வருஷத்துக்கு மேல அதைச் சுமந்தேன். ஒரு கை போச்சு. அவனுக்காக என்னால முடிஞ்சது அந்த ஒண்ணுதான். நீ ஒரு பான்கேக் தின்னற நேரத்துல எல்லார் முன்னாடியும் அவனைக் கழட்டிப் போட்டுட்டே."

"ஆர்லிஸ், ஊருக்கு உண்மை தெரியணும்."

"தெரிஞ்சுதுல்ல. போ."

அவன் நல்ல காதைத் திருப்பியபடி பனியில் நின்றான். இன்னும் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தான் போலும். அவள் கதவைச் சாத்தினாள். கொண்டுவந்து வைத்திருந்த ரொட்டிகளை எல்லாம் ஒரு பெட்டியில் போட்டு, மறுநாள் இல்லத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மார்ச்சில் தரை காய்ந்ததும் அவள் விமானத்தை லோரனின் தளத்திலிருந்து எடுத்துவிட்டாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், இன்னொரு மாவட்டத்தில், புல் ஓடுபாதை உள்ள ஒரு சின்ன ஊரில் கொண்டுபோய் நிறுத்தினாள். அங்கே அவளுக்கு யாரையும் தெரியாது. செவ்வாய்க்கிழமைகளில் போவாள். எண்ணெய் பார்த்து, தண்ணீர் பார்த்து, ஒரு மணி நேரம் பறந்துவிட்டு வருவாள். ஒரு நாள் பக்கத்துக் கொட்டகைக்காரன் என்ஜின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, இப்படி ஒரு சுத்தமான வேலையைப் பார்த்ததில்லை என்றான். யார் போட்டது என்று கேட்டான்.

"என் வீட்டுக்காரர்" என்றாள் ஆர்லிஸ்.